ஊரலரும் ஒரு மெல்லிய குரலும்

களவொழுக்கத்தைப்பற்றி ஊரார் பேசும் பேச்சை நம் அகப்பொருள் நூல்கள் இரண்டாகப் பகுத்துக் காட்டும். சொல்லாக வெளிப்படாமல் சிலர் முகக்குறிப்பளவில் அரும்பி நிற்பது அம்பல். அவ்வரும்பு விரிந்து பலரும் அறிய வாய்விட்டுப் பேசப்படுவது அலர். காதலர் இருவர்க்கு இடர்செய்யும் அலர் மணவினையோடு அடங்கிவிடும். நாட்டின் பொதுவாழ்விலே எழும் அலருக்கு அத்தகைய முடிவில்லை. அது ஊரையே எரித்த பின்பும், எரிந்ததற்குக் காரணம் நானன்று என்று கூறி இன்னொரு தெருவிலே உலவிக்கொண்டிருக்கும்.

இக்காலத்தார் அதனை நன்கறிவர். 2022ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் பிரதமர் பதவி துறந்தபோது, அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு ஓடிவிட்டார் என்ற செய்தி ஓரிரவிலே நாடெங்கும் பரவியது. கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் அதனை மறுத்து அறிக்கை விடவேண்டியதாயிற்று. அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருந்தார் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 2018 பெப்ரவரியில், அம்பாறை நகரத்து முஸ்லிம் உணவகம் ஒன்றில் மலடாக்கும் மாத்திரை உணவிற் கலக்கப்பட்டதென்று ஒரு கதை கிளம்பிற்று. கடைகள் உடைந்தன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஆராய்ந்து பார்த்தபோது அம்மாத்திரை எனப்பட்டது வெறும் மாவுக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் கண்டார். உண்மை வந்துசேர்ந்தது; ஆனால் அது வரும்முன்னே நெருப்பு வந்துவிட்டது.

இவற்றை நினைக்குந்தோறும், ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் இத்தகைய அலர்களின் நடுவே நின்று, குரலை ஒருகாலும் உயர்த்தாது பொதுவாழ்வு நடத்திய ஒருவரின் வரலாறு என் மனத்தில் எழுகின்றது. அவரே சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். தமிழ்மக்கள் அவரைத் தந்தை செல்வா என்று அழைத்தனர். யான் ஆசிரியத் தொழில் புரியும் ஏறாவூருக்கும் அவர் வரலாற்றிலே ஓரிடம் உண்டு. அது பெருமைக்குரிய இடமன்று, ஆயினும் மறக்கத்தக்கதுமன்று. ஆதலின் அவர் வாழ்வை இவ்வூரின் நிலையத்தில் நின்று திரும்பிப் பார்ப்பது பொருந்தும் எனக் கருதுகின்றேன்.

செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள் மலாயா நாட்டு ஈப்போ நகரிற் பிறந்தார். யாழ்ப்பாணத்தவர் பலர் அக்காலத்தில் தொழில் தேடி மலாயா சென்றனர்; அவர் தந்தையாரும் அங்ஙனம் சென்றவரே. பிள்ளைகளின் கல்வி கருதி அன்னையார் அவர்களை அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்கு மீண்டார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரியிலும், பின்னர் கொழும்பு முகத்துவாரத்தில் அந்நாளில் இயங்கிய சென் தோமஸ் கல்லூரியிலும் அவர் கற்றார். பிற்காலத்திற் பிரதமராகி அவரோடு உடன்படிக்கை செய்யவும், செய்ததை முறிக்கவும் இருந்த சொலமன் பண்டாரநாயக்கா அக்கல்லூரியில் அவர் காலத்து மாணாக்கர். 1918இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரி மாணவராகப் பெற்றார்.

பட்டம் பெற்றவர் முதலிற் பற்றியது ஆசிரியத் தொழிலை. சென் தோமஸிலும் பின்னர் வெஸ்லிக் கல்லூரியிலும் விஞ்ஞானம் கற்பித்தார். நோயுற்ற தம்பியைக் காண விடுமுறை கேட்டு, அது மறுக்கப்பட்டமையால் முதற் கல்லூரியை விட்டு நீங்கினார் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவது. கற்பித்துக்கொண்டே சட்டமும் பயின்று, 1923இல் அப்புக்காத்தானார். குற்றவியல் வழக்குகளிலே பேச்சுவன்மை காட்டிப் புகழ்பெறுவோர் உண்டு. செல்வநாயகம் அவ்வழி செல்லவில்லை. காணி, உறுதி, உரிமை முதலிய சிவில் வழக்குகளே அவர் துறை. அத்துறையில் உரத்த பேச்சுக்கு இடமில்லை. ஆவணமும் திகதியுமே பேசும். எந்த உறுதி முந்தியது, எது பிந்தியது என்பதை ஆராய்வதே அவர்க்கு நாளாந்தத் தொழிலாயிற்று. பின்னாளில் கியூ. சி. என்னும் தகுதியும் அவர்க்குக் கிடைத்தது. 1927இல் எமிலி கிறேஸ் அம்மையாரை மணந்தார். ஆண்மக்கள் நால்வரும் பெண்மகள் ஒருத்தியும் அவர்க்குப் பிறந்தனர். நீதிமன்றமும் வீடும் தேவாலயமுமாக அமைதியான வாழ்வு அவருடையது.

அரசியலுக்கு அவர் வந்தபோது வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது. 1944இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவியபோது அதிற் சேர்ந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் காங்கேசன்துறைத் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினரானார். மறுவருடம் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலே உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் இலட்சக்கணக்கானோர் அச்சட்டத்தாற் குடியுரிமை இழந்தனர். பொன்னம்பலம் அரசாங்கத்திற் சேர்ந்தார், செல்வநாயகம் சேரவில்லை. தம் தொகுதிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அச்சட்டத்தால் உடனடி இழப்பு எதுவுமில்லை என்பது அவர்க்குத் தெரியும். இருந்தும் பிரிந்தார். கோப்பாய் வன்னியசிங்கம், வைத்தியர் நாகநாதன் ஆகியோருடன் 1949 டிசம்பர் 18ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சமஷ்டி ஆட்சியே அதன் நோக்கம். 1951இல் அக்கட்சியின் முதல் மாநாடு திருகோணமலையில் நடைபெற்றது. தமிழர் என்று மாத்திரம் கூறாது தமிழ்பேசும் மக்கள் என்று அக்கட்சி கூறியமையை இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும். கிழக்கு மாகாணத்து முஸ்லிம் மக்களையும் உளங்கொண்டு எழுந்த தொடர் அது. அத்தொடருக்கு ஏறாவூர் போன்ற ஊர்களிலேதான் பொருள் உண்டு. இங்கே இரு சமூகத்தாரும் ஒரே வாவியில் வலைவீசி, ஒரே சந்தையில் விலைபேசி வாழ்பவர்.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். 1956இல் வென்றார். அவ்வாண்டிலேதான் அலரின் காலம் தொடங்குகின்றது.

சிங்களம் மட்டும் அரசகரும மொழியாதல் வேண்டுமென்ற மசோதா 1956 ஜூன் 5ஆம் நாள் பாராளுமன்றத்தில் வந்தது. அன்று காலை காலிமுகத்திடலில் செல்வநாயகம் தலைமையிலே தொண்டர் சில நூற்றுவர் சத்தியாக்கிரகம் இருந்தனர். கும்பல் ஒன்று அவர்களைத் தாக்கிற்று. அமிர்தலிங்கம் தலையிற் கட்டுடன் பாராளுமன்றம் சென்றமை பலரும் அறிந்த செய்தி. ஆனால் பெருந்துயர் நிகழ்ந்தது கொழும்பிலன்று, கல்லோயாப் பள்ளத்தாக்கிலே. மட்டக்களப்பு நகரத்தெருவில் சிங்களப் பெண்ணொருத்தி மானபங்கப்படுத்தப்பட்டு ஊர்வலமாக நடத்தப்பட்டாள் என்ற கதை அம்பாறையிலே பரவிற்று. அப்படி ஒன்றும் நிகழவில்லை. தமிழர் படையொன்று ஆயுதத்தோடு வருகின்றது என்ற கதை அதன்மேல் ஏறிற்று. படையும் இல்லை. கதைகள் இரண்டும் பொய்யாகவே, பிணங்கள் மாத்திரம் மெய்யாயின. நூற்றைம்பது பேர்வரை மாண்டனர் என்பர்.

அலரின் இயல்பை இங்கே உற்றுநோக்குதல் நன்று. அம்பாறையிலுள்ளவன் மட்டக்களப்பைப் பற்றிய கதையை நம்பினான்; தன் தெருவைப் பற்றிய கதையாயின் எட்டிப்பார்த்து உண்மை அறிந்திருப்பான். கண்ணுக்கெட்டாத ஊரும் காதுக்கெட்டும் தூரமும் அலருக்கு வேண்டும். அத்துடன் பெண்ணின் மானமோ பெரியோர் ஒருவரின் சாவோ அதன் கருவாக அமையும். கேட்டவன் ஆராயக் கூசுவான், ஆராயச் சொல்பவனை இரக்கமற்றவன் என்பான்.

இக்கொடுமைக்குப் பின்னும் செல்வநாயகம் பேச்சுவார்த்தையின் கதவை அடைக்கவில்லை. 1957 ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் எழுந்தது. பிரதேச சபைகள் அமைத்தல், வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிருவாகத்துக்குத் தமிழைப் பயன்படுத்தல், குடியேற்றத்திலே அச்சபைகளுக்கு உரிமை தருதல் என்பன அதன் சாரம். சமஷ்டியைக் கைவிட்டார் என்று தமிழருள் ஒரு சாராரும், நாட்டை விற்றுவிட்டார் என்று சிங்களருள் ஒரு சாராரும் தத்தம் தலைவரைத் தூற்றினர். அக்டோபர் மாதம் ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு எதிர்ப்பு நடைபயணம் தொடங்கினார். இம்புல்கொடையிலே அது மறிக்கப்பட்டது. 1958 தொடக்கத்தில் மோட்டார் வண்டி இலக்கத் தகட்டிற் சிங்களச் சிறீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சியினர் அதனை எதிர்த்து இயக்கம் நடத்தினர். தென்னிலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார்பூசி அழிக்கப்பட்டன. செல்வநாயகம் மட்டக்களப்புச் சிறையிலே சில நாள் இருந்ததும் அவ்வியக்கத்தின் பொருட்டே. ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குமார் பெருந்தொகையினர் கொழும்பு றோஸ்மீட் பிளேசிலுள்ள பிரதமர் இல்லத்தின் முன் அமர்ந்து மறியல் செய்தனர். அன்று மாலைக்குள் ஒப்பந்தம் முறிந்தது.

அச்சிறீ இயக்கத்தை அவ்வேளை நடத்தியது தக்கதோ என்று வரலாற்றாசிரியர் வினவுவதுண்டு. ஒப்பந்தத்தின் பகைவர் கையிலே அது ஒரு கோலாயிற்று என்பதை மறுத்தல் அரிது. பெரியாரைப் போற்றுவோர் அவர் வாழ்வில் வினாவுக்குரிய இடங்களை மறைத்தலாகாது. மறைப்பின் நாமும் அலர் தூற்றுவோர் வரிசையிற் சேர்ந்தவர்களாவோம். அவர்கள் பழியைப் பெருக்குகின்றார்கள், நாம் புகழைப் பெருக்குவோம், அவ்வளவே வேறுபாடு.

இனி ஏறாவூரின் பக்கத்துக்கு வருகின்றேன். 1958 மே மாதம் 23, 24, 25ஆம் நாட்களில் தமிழரசுக் கட்சியின் மாநாடு வவுனியாவிற் கூட இருந்தது. மட்டக்களப்பிலிருந்து பேராளர் புகையிரதத்திலே வருவர் என்ற எதிர்பார்ப்பிலே, மே 22ஆம் நாள் பொலன்னறுவை நிலையத்திற் கும்பல் ஒன்று வண்டியைத் தாக்கிற்று. மறுநாள், 23ஆம் நாள் இரவு, மட்டக்களப்பிலிருந்து சென்ற புகையிரதம் ஏறாவூரிலே 215ஆம் மைற்கல் அருகே தடம்புரளச் செய்யப்பட்டது, உயிர்கள் பலியாயின. 25ஆம் நாள், நுவரெலியாவின் முன்னாள் நகரபிதா செனிவிரத்தின மட்டக்களப்புப் பகுதியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குள் பொலன்னறுவை மாவட்டத்துப் பண்ணைகளிலே தமிழ்த் தொழிலாளர் பலர் வெட்டுண்டு மாண்டுபோயினர்.

26ஆம் நாள் பிரதமர் வானொலியிற் பேசினார். மட்டக்களப்புப் பகுதியில் நேர்ந்த மரணங்களையும், செனிவிரத்தினவின் கொலையையும் எடுத்துக்கூறி, அவற்றின் விளைவாகவே கலவரம் மூண்டதென்று பொருள்படுமாறு அவ்வுரை அமைந்தது. 22ஆம் நாள் தொடங்கியதற்கு 25ஆம் நாள் நிகழ்ந்தது எங்ஙனம் காரணமாகும் என்று கேட்டார் இலர். சிவில் வழக்கிலே பிந்திய உறுதியை முந்தியதென்று ஒருவர் காட்டினால், செல்வநாயகம் ஒரே நொடியில் அதனை எடுத்தெறிந்திருப்பார். வானொலியின் முன்னே அப்புக்காத்து இல்லை, நீதவானும் இல்லை. கேட்டவர்க்கு நினைவில் நின்றது புகழ்பெற்ற ஒருவரின் சாவு மாத்திரமே. பொய் சொல்லாமலே, நிகழ்ந்தவற்றின் வரிசையை மாற்றியமைத்து, பொய்யின் பயனை விளைவிக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை.

அன்றிரவே தீ தெற்கெங்கும் பரவிற்று. பாணந்துறைக்காரியான ஆசிரியை ஒருத்தி மட்டக்களப்பிலே அங்கம் அறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள் என்ற கதை பாணந்துறையிலே உலவியது. அத்தகைய ஆசிரியை மட்டக்களப்பில் இருந்ததே இல்லை என்று பின்னர் விசாரணை கண்டது. அதற்குள் அவ்வூர்க் கோயில் அந்தணர் உயிரோடு எரியூட்டப்பட்டார். 27ஆம் நாள் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அச்சேறும் செய்தி நின்றவுடன், வாய்ச்செய்திக்கு வழி அகன்றது. தணிக்கைக்கு உட்பட்டு எழுத இயலாதவற்றைத் தொகுத்து, அந்நாளைய பத்திரிகாசிரியர் தார்சி வித்தாச்சி இலண்டனில் வெளியிட்ட நூல் இன்றும் அந்நாட்களுக்குச் சான்றாக நிற்கின்றது. கொழும்பிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர்.

நம்மவர் இவ்வரலாற்றைக் கூறும்போது பொலன்னறுவையையும் பாணந்துறையையும் விரித்துரைப்பர். ஏறாவூரை விரைந்து கடந்துவிடுவர். தெற்கிலே ஏறாவூரை விரித்துரைத்துப் பொலன்னறுவையைக் கடந்துவிடுவர். இரண்டும் ஒரே குற்றம். யான் வகுப்பிலே இப்பாடத்தை எடுக்கும்போது 22, 23, 25, 26, 27 என்ற ஐந்து திகதிகளையும் கரும்பலகையில் வரிசையாக எழுதுவிப்பேன். அவற்றுள் ஒன்றையும் அழிக்க விடுவதில்லை. தமிழ் மாணவன் 23ஐயும் சிங்கள மாணவன் 22ஐயும் அழிக்காமல் கற்கும் நாளிலேதான் இந்நாட்டுக்கு ஒரு பொதுவரலாறு கிடைக்கும் என்பது என் துணிபு.

செல்வநாயகத்தையும் அவர்தம் உடனுழைத்தோரையும் ஜூன் மாதம் அரசு காவலில் வைத்தது. அவர் தம் இல்லத்திலேயே சிறைப்பட்டார். தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது, அம்மொழியின் பிரதிநிதிகள் அங்கில்லை. வெளியே வந்தபின் அவர் பழிக்குப் பழி என்ற பேச்சுக்கு இடங்கொடுக்கவில்லை. 1959 செப்டம்பர் 25ஆம் நாள் பண்டாரநாயக்கா சுடப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். சுட்டவர் சிங்களப் பிக்கு ஒருவர். அக்கை வேறோர் இனத்தவன் கையாய் இருந்திருப்பின் இந்நாடு என்னாகியிருக்கும் என்பதை 1958ஐ அறிந்தோர் எண்ணிப்பார்க்கவும் அஞ்சுவர்.

அடுத்து வந்தது 1961. தமிழ்ப் பகுதி நீதிமன்றங்களிலும் சிங்களமே மொழியாதல் வேண்டுமென்ற சட்டத்தை எதிர்த்து, பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதல்நாளே பொலிசார் தடியடி நடத்தினர். அதனாற் கூட்டம் குறையவில்லை, பெருகிற்று. சில நாட்களில் மட்டக்களப்பும் எழுந்தது. வாவிக்கரைக் கோட்டைக்குள் அமைந்த கச்சேரியின் வாயிலை மக்கள் அமர்ந்து மறித்தனர். திருகோணமலை, மன்னார், வவுனியாக் கச்சேரிகளும் அவ்வாறே அடைபட்டன. கிழக்கிலே தமிழரோடு முஸ்லிம்களும் அமர்ந்தனர் என்பதை இவ்வூர்ப் பெரியோர் இன்றும் பேசுவர். பட்டிருப்பு இராசமாணிக்கம், மட்டக்களப்பு இராசதுரை முதலியோர் இப்பகுதியில் அதனை நடத்தினர்.

மறியல் என்பது எளிதிற் கலகமாகக்கூடியது. வழியை அடைத்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே ஒரு பொய் விழுந்தாற் போதும். யாரோ அடிபட்டார், தலைவர் இறந்தார், படை சுடத் தொடங்கிவிட்டது என்ற ஒற்றைச்சொல் ஆயிரம் பேரை எழுப்பிவிடும். ஏறத்தாழ இரு திங்கள் அச்சத்தியாக்கிரகம் நீடித்தது. அவ்வளவு நாளும் மறியல் இருந்தோர் கையில் ஆயுதம் ஏறவில்லை. இதற்குக் காரணம் என்ன? தொண்டரின் ஒழுங்கு ஒரு காரணம். தலைவர் அவர்களோடு அங்கேயே அமர்ந்திருந்தமை மற்றொரு காரணம். கண்முன்னே இருக்கும் ஒருவரைப் பற்றி அலர் எழுவது அரிது. அவர் பேசியது சொற்பம். பேசியதை மறுநாள் மாற்றியதில்லை. ஆகவே அவர் கூறாத ஒன்றை அவர் பெயராற் கூறுவோர்க்கு வாய்ப்புக் குறைவு. உரத்துப் பேசும் தலைவர்க்கு இக்காவல் இல்லை. அவர் கூறியதையும் கூறாததையும் ஊர் பிரித்தறியாது.

ஏப்ரல் 14ஆம் நாள் தமிழரசுத் தபாற்சேவை என்ற பெயரிலே முத்திரை வெளியிட்டுச் சட்டமறுப்பின் அடுத்த படிக்கு அவர் சென்றார். 17ஆம் நாள் அவசரகாலநிலை வந்தது. மறுநாள் விடியுமுன் இராணுவம் கச்சேரி வாயில்களைக் கைப்பற்றிற்று. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமிலே அரையாண்டு தடுத்துவைக்கப்பட்டனர். கச்சேரிகள் மீண்டும் திறந்தன, கோரிக்கைகள் நிறைவேறவில்லை. தோல்வியெனில் தோல்வியே. ஆயினும் 1956, 1958 ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டியபின் 1961இன் பக்கத்துக்கு வருபவர்க்கு ஒரு வேறுபாடு தோன்றாமற் போகாது.

அதன்பின் அவர் உடல் தளர்ந்தது. நடுக்கவாத நோய் அவரைப் பற்றிற்று, செவிப்புலனும் மங்கிற்று. முன்பே மெல்லிய குரல், அருகிருப்போரும் உற்றுக்கேட்க வேண்டியதாயிற்று. அந்நிலையிலும் 1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்காவோடு இரண்டாவது ஒப்பந்தம் செய்தார். மாவட்ட சபைகள் தருவதென்ற அவ்வாக்கும் மூன்றாண்டிற் கைவிடப்பட்டது. இருமுறை வாக்குத் தந்தோர் இருமுறையும் முறித்தபின், சமஷ்டி கேட்டவர் வேறு கேட்கத் தொடங்கினார். 1972 மே மாதம் தமிழர் கட்சிகள் திருகோணமலையிலே ஒன்றுகூடிக் கூட்டணி அமைத்தன. அம்மாதம் 22ஆம் நாள் வந்த குடியரசு அரசியலமைப்பைத் தமிழ்மக்கள் ஏற்கவில்லை என்பதை நாட்டுவதற்காக, அக்டோபரில் தம் பாராளுமன்றப் பதவியைத் துறந்து, அரசு தம்மோடு அத்தொகுதியிலே போட்டியிடட்டும் என்றார். இடைத்தேர்தலை அரசு ஈராண்டுக்கு மேல் ஒத்திவைத்தது. 1975 பெப்ரவரி 6ஆம் நாள் நடந்தபோது பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தால் வென்றார். மக்கள் கருத்து இதுவென்று மேடையில் முழங்குதல் எளிது. தம் பதவியைப் பணயம்வைத்து எண்ணிப் பார்த்தவர் அவர். அலருக்கு மாற்று எண்ணிக்கையே என்பதைச் சிவில் வழக்கறிஞரின் மனம் அறிந்திருந்தது.

1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டையிலே தனியரசுத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறிற்று. அதன் விளைவுகளைக் காண அவர் இருக்கவில்லை. 1977ஆம் ஆண்டு, வீட்டிலே வீழ்ந்து நோயுற்று, ஏப்ரல் 26ஆம் நாள் தம் எழுபத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார். அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் அவர்தம் பழைய அரசியற் போட்டியாளரான பொன்னம்பலமும் மறைந்திருந்தார். இறுதிநாட்களில் இருவரும் ஒரே கூட்டணியில், ஒரே வழக்கிலே தம் இளையோர்க்காக வாதாடியமை தமிழர் வரலாற்றின் இனிய பக்கங்களுள் ஒன்று. கிறித்தவராய்ப் பிறந்து கிறித்தவராய் வாழ்ந்த செல்வநாயகத்தின் உடல், பெருங்கூட்டத்தின் நடுவே, தமிழ் மரபையொட்டித் தீமூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அவர் நினைவுத்தூண் இன்றும் நிற்கின்றது.

அவர் மறைந்தபின் மெல்லிய குரலுக்கு இந்நாட்டில் இடம் குறைந்தது. துப்பாக்கியின் ஒலி மிகுந்தது. அதனோடு அலரும் மிகுந்தது. தமிழ்பேசும் மக்கள் என்ற அழகிய தொடர் கிழக்கிலே உடைந்துபோயிற்று. 1990 ஆகஸ்ட் மாதம் ஏறாவூரிலே முஸ்லிம் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெண்டிரும் குழந்தைகளுமாக, ஓரிரவிலே புலிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலே தமிழ் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இவ்விரு துயரும் மெய்; ஒருவர் துயரை மற்றவர் கதையென்று ஒதுக்குவதே பொய். பொலன்னறுவையையும் ஏறாவூரையும் ஒரே பலகையில் எழுதவேண்டும் என்று முன்னர்க் கூறியது இதற்கும் பொருந்தும்.

அறிவுடைமை என்ற அதிகாரத்திலே வள்ளுவர் கேள்விச்செய்தியை ஆராயும் முறையை வகுத்துள்ளார். எம் மாணாக்கர் அக்குறளை ஒப்புவியாத நாளில்லை. ஒப்புவித்தல் ஒன்று, கைப்பேசியிலே ஒரு பெரியவரின் மரணச்செய்தி வந்தவுடன் அதனை நூறுபேர்க்கு அனுப்பாது, எவர் கூறினார், எப்பொழுது, எங்கே என்று மூன்று வினா எழுப்புதல் வேறொன்று. முன்னது தேர்வுக்கு உதவும்; பின்னது அயலானின் உயிருக்கு உதவும். செல்வநாயகத்தின் அரசியலை ஏற்போரும் ஏற்காதோரும் இவ்வூரிலே உண்டு, நாளையும் இருப்பர். எனினும், ஊரே கூவும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, திகதியைச் சரிபார்த்து, தெரிந்ததை மாத்திரம் சொன்ன அப்பழக்கம் கட்சிக்கு உரியதன்று. அதனைத் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒருங்கே கற்கலாம். கற்பிக்கவேண்டிய கடமை ஆசிரியராகிய எமக்கு உண்டு.